வில்லுக்கு மருந்து

கன்னியாகுமரி
20 ஜூன் 1954

அன்புள்ள அண்ணன் மத்தியாஸ் அவர்களுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். தங்கச்சி செசிலி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகம் நீங்கள் எழுதினால்தானே தெரியும், நீங்களோ லேசில் எழுதுகிற ஆள் இல்லை. கடைசியாக வந்த கடிதமும் தாளோடு தாள் ஒட்டிப்போய், பிரிப்பதற்குள் பாதி கிழிந்துவிட்டது. குங்கிலியம் காய்ச்சின கையைக் கழுவிவிட்டு எழுதக்கூடாதா? வீடு முழுக்கக் குங்கிலிய வாசனை. "நாம வீட்டுல இருக்கோமா, பூசையில இருக்கோமா?" என்று இவர் கேட்டார்.

விஷயம் இதுதான். மருந்து தீர்ந்துவிட்டது. கோயிலில் வாசிக்கிற ரபேக்காவின் வில்லுக்கு இவர் புது மயிர் கட்டியிருக்கிறார். நாகர்கோவிலில் ஒரு குதிரைவண்டிக்காரனிடம் கெஞ்சி வாங்கின வால்மயிர். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மருந்து தேய்க்காத புதுமயிர் ஊமை அல்லவா? நரம்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது, மூச்சுக்கூட விடவில்லை. கோட்டாற்றுக் கடையில் விற்கிற சீமை மருந்தைப் போன வருஷம் தேய்த்துப் பார்த்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே. அது கம்பி போட்ட பிடிலுக்குச் சரி. நம்முடையது பறங்கிச் சாமிமார் காலத்து ரபேக்கா, ஆட்டுக்குடல் நரம்பு. சீமை மருந்து பட்டால் காக்காய் மாதிரிக் கரைகிறது. இவர் அதைக் கடலில் வீசினாரே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

ஈரக்காற்றுக் காலம், பிசுபிசுக்காமல் கெட்டியாகக் காய்ச்சி அனுப்பச் சொல்கிறார். பரலோக மாதா திருநாளுக்கு, அதாவது ஆகஸ்ட் பதினைந்துக்கு, இவர் வாசித்தாக வேண்டும்.

ஒரு வேடிக்கை. அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற ரீத்தா, கிணற்றடியில் நான் "மருந்து வரல்ல, மருந்து வரல்ல" என்று புலம்பினதைக் கேட்டு, "யாருக்கு அக்கா சொவமில்ல?" என்று கஷாயத்தோடு வந்து நின்றாள். "வில்லுக்குதான் சொவமில்ல" என்றேன். எனக்குத்தான் ஏதோ சுகமில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு போய்விட்டாள்.

உங்கள் பக்கம் ஒரே கூட்டமும் ஊர்வலமும் என்று கேள்விப்படுகிறோம். தமிழ் பேசுகிற தாலுகாக்கள் சென்னையோடு சேர்ந்தால் நல்லதுதான். ஆனாலும் நீங்கள் போகாதீர்கள். கூட இருக்கிற ஞானசிங்குக்கும் சொல்லுங்கள். எனக்கு இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் பயமும் பேடியுமாக இருக்கிறது.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
செசிலி


அருமனை
5 ஜூலை 1954

ஏட்டி செசி,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் மாதா துணை இருக்கட்டும். நான் நல்ல சுகம். வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி எடுக்கிறவனுக்கு இந்த ரப்பர் தோட்டத்தைவிட வேறு மோட்சம் உண்டா? விடியும் முன்னே பால் வெட்டு, வெயில் ஏறினால் அறைக்கு வந்து சமையல், சாயங்காலம் ஞானசிங்கின் பிரசங்கம். அவன் ஊர்வலத்துக்குப் போகிறான், நான் சோறு வடிக்கிறேன். போதுமா?

மருந்து காய்ச்சத் தொடங்கியாயிற்று. மலையடிவாரத்தில் நமக்குத் தெரிந்த குங்கிலிய மரம் இந்த வருஷம் நன்றாக வடிந்திருக்கிறது. முதல் சட்டியை உருக்கும்போது அடுப்பில் தீ கொஞ்சம் ஏறிவிட்டது. குப்பென்று பிடித்து, என் புருவமும் போய், வலது முழங்கையும் பொள்ளிவிட்டது. ஞானசிங் பயந்து "வெடி போட்டியாடே?" என்று வெளியே ஓடினான். வாழைத்தண்டுச் சாறு தடவியிருக்கிறேன், ஆறிக்கொண்டு வருகிறது. நீ உடனே மூக்கைச் சிந்தாதே.

இரண்டாம் சட்டி ஆகிறவரை பொறு. துணியில் வடிகட்டிச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் அசல் கருப்பட்டி மாதிரிதான் இருக்கும். கோட்டாறு சந்தைக்கு நல்லமிளகு கொண்டுபோகிற கோலப்பன் கையில் கொடுத்துவிடுகிறேன். போன தடவை தீப்பிடிக்கிற சாமான் என்று பஸ் கண்டக்டர் அவனை நடுவழியில் இறக்கிவிட்டானாம். இந்தத் தடவை யார் கேட்டாலும் கருப்பட்டி என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதினேன். அப்படியும் ஒட்டினால் அது என் குற்றமில்லை, மரத்தின் குற்றம்.

உன் அண்ணன்,
மத்தியாஸ்


(தபால் கார்டு)

கன்னியாகுமரி
6 ஆகஸ்ட் 1954

அண்ணனுக்கு, இங்கே சுகம். கவர் வாங்க நேரமில்லாமல் கார்டில் எழுதுகிறேன். மருந்து இன்னும் வந்து சேரவில்லை. வில்லு தயார். ஆள் தயார். மருந்து ஒன்றுதான் பாக்கி. பதினைந்தாம் தேதிக்கு முன்னால் வராவிட்டால் எல்லாம் பாழ். கோலப்பனிடம் உடனே கொடுத்தனுப்பவும். வழியில் யார் கேட்டாலும் கருப்பட்டி என்றே சொல்லட்டும். இந்தத் தடவை போடுகிற போட்டில் பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் நடுங்கவேண்டும் என்று இங்கே ஒரே பேச்சு. மறக்க வேண்டாம். செசிலி.


கன்னியாகுமரி
20 ஆகஸ்ட் 1954

என் அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்கக்கூடக் கை வரவில்லை. சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

திருநாள் வந்தது, போனது. மருந்தும் வரவில்லை, கோலப்பனும் வரவில்லை. ரபேக்கா பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அது போகட்டும். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து ஆட்கள் செத்துப்போனார்கள் என்று பதினொன்றாம் தேதி முதல் இங்கே பேசுகிறார்கள். யார் யார் என்று பெயர் தெரியவில்லை. பஸ்ஸில் வருகிறவர்களை மறித்து ஒவ்வொருவரிடமும் "அருமனை ஆளு உண்டா?" என்று கேட்கிறேன். இல்லை என்கிறவனும் நின்று பேசுவதில்லை, தலையைக் குனிந்துகொண்டு போகிறான்.

நீங்கள் சோறு வடிக்கிற ஆள்தானே அண்ணே? ஞானசிங் கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டீர்கள் அல்லவா? ஒரு வரி போதும். தாள் ஒட்டிக் கிழிந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். எனக்கு இருக்கிற வெப்ராளத்தில் உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இவர் அதையும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அவருக்கும் அதே பயம்தான்.

உங்கள் எழுத்தை எதிர்பார்க்கும்,
செசிலி


29 ஆகஸ்ட் 1954

சகோதரி செசிலி அவர்களுக்கு,

நான் நலம். உன் நலமறிய அவா.

6-ந் தேதி நீ எழுதிய கார்டு கிடைத்தது. அதில் கண்ட மருந்து என்பது என்ன, அது எங்கே உபயோகிப்பதற்கு என்பதைத் தெளிவாக எழுதவும். வில்லு என்று குறிப்பிட்டிருப்பது யாது என்பதையும், தயாராக இருப்பதாகச் சொல்லியிருக்கும் ஆளின் முழுப் பெயர், தகப்பனார் பெயர், இருப்பிடம் ஆகியவற்றையும் எழுதவும். பதினைந்தாம் தேதி சுதந்திர தினத்தன்று என்ன செய்வதாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதவும். தாமதம் கூடாது.

இப்படிக்கு,
மத்தியாஸ்


கன்னியாகுமரி
3 செப்டம்பர் 1954

அன்புள்ள அண்ணனுக்கும், அண்ணன் பக்கத்தில் இருந்து இதை வாசிக்கிற ஐயாமாருக்கும்,

செசிலி தோத்திரம் சொல்லி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. எழுத்து உங்கள் எழுத்துதான். ஆனால் என்னை நீங்கள் "அவர்களுக்கு" போட்டு எழுதினது இந்த ஜென்மத்தில் இல்லை. தாள் ஒட்டவும் இல்லை. மூக்கில் வைத்துப் பார்த்தேன், குங்கிலியம் இல்லை, பீடி வாசனை. அதனால் ஐயாமாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மருந்து என்றால் வெடிமருந்து இல்லை ஐயா. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கம். எங்கள் கோயிலில் ரபேக்கா என்று ஒரு பழைய வாத்தியம் உண்டு. பிடில் மாதிரி, ஆனால் பிடிலைவிடக் கிழடு. அதை வில்லால் இழுத்து வாசிக்க வேண்டும். வில்லில் கட்டியிருப்பது குதிரைமயிர். வெறும் மயிர் நரம்பைப் பிடிக்காது, வழுக்கும். குங்கிலியத்தைக் காய்ச்சிக் கட்டியாக்கி மயிரில் தேய்த்தால்தான் பிடிக்கும், சத்தம் வரும். அந்தக் கட்டிக்குத்தான் மருந்து என்று பெயர். என் அண்ணன் கையில் இருக்கிற புண் அதைக் காய்ச்சும்போது பட்டது. கண்டக்டர் இறக்கிவிடுவானே என்றுதான் கருப்பட்டி என்று சொல்லச் சொன்னோம். பதினைந்தாம் தேதி எங்களுக்கு மாதா திருநாள். சுதந்திர தினமும் அன்றுதான் என்பது கார்டு எழுதும்போது என் புத்தியில் தட்டவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் நடுங்கவேண்டும் என்று எழுதினது பெருமைக்கு எழுதினது. இப்போது நடுங்குவது நான்தான்.

ஆள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆள் நான்தான். ரபேக்கா வாசிக்கிறவள் நான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. என் பெயர் செசிலி, தகப்பனார் பெயர் அண்ணனுக்குத் தெரியும், இருப்பிடம் மேலே இருக்கிறது.

என் அண்ணன் ஊர்வலத்துக்குப் போகிறவர் இல்லை. அவருக்கு நேரத்துக்குச் சோறு கொடுங்கள் ஐயா. கைப்புண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாதாவை நம்பியிருக்கும்,
செசிலி


கன்னியாகுமரி
12 செப்டம்பர் 1954

சகோதரர் ஞானசிங் அவர்களுக்கு,

உங்கள் சுகத்துக்காகவும் மன்றாடுகிறேன். கோலப்பன் இன்றுதான் வந்து எல்லாம் சொன்னார். போலீஸ் உங்களைத் தேடி அறைக்கு வந்ததும், நீங்கள் இல்லாத இடத்தில் சட்டியும் சிரட்டைக் கட்டியும் என் கார்டும் அகப்பட்டதும், அண்ணனைக் கொண்டுபோனதும் இப்போதுதான் தெரியும். நீங்கள் இத்தனை நாள் மாமனார் ஊரில் ஒளிந்திருந்ததற்கு நான் குற்றம் சொல்லவில்லை. யாருக்கும் உயிர் வெல்லம்தான். இதைக் கோலப்பன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அண்ணனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எப்படியாவது விசாரித்து, இங்கே நடந்ததைச் சொல்லுங்கள்.

போலீசுக்கு நான் ஒரு பொய் எழுதியிருந்தேன். ரபேக்கா வாசிக்கிறது என் வீட்டுக்காரர். புருஷன் பெயரை எழுதக்கூடாது, அதிலும் நாலு பேர் வாசிக்கிற கார்டில் "இவர்" என்றுகூட எழுதக் கூச்சம் என்றுதான் "ஆள் தயார்" என்று எழுதினேன். அந்தக் கூச்சம் எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது பாருங்கள். ஆளின் பெயரைக் கேட்டபோது, அண்ணனை எடுக்க இவரைக் கொடுக்க வேண்டுமா என்று நினைத்தேன். என் பெயரை எழுதிவிட்டேன்.

இவரிடம் சொன்னதும் "ஒனக்குக் கிறுக்கா பிள்ள? வாசிச்சுக் காட்டுன்னா என்ன செய்வ?" என்று கத்தினார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வில்லை என் கையில் கொடுத்தார். ஒரு வாரம் அடுக்களையில் உட்கார்ந்து இழுத்தேன். மருந்துதான் இல்லையே, ஒரு சத்தமும் இல்லை. நான் இழுப்பது சரியா தப்பா என்று இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நேற்று ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீசும். கோயில் முற்றத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஊரே கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் கையில் என் கார்டு.

"ஆள் தயார்னு எழுதினது ஒன்னைத்தானா?"

"ஆமா ஐயா."

"அப்ப வாசி, பாக்கட்டு."

இழுத்தேன். காற்றுக்கூட வரவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "பொய்யா சொல்லுத?" என்று ஒரு அடி முன்னால் வந்தார். "ஐயா, மருந்து இல்லாம அது ஊமை. நீங்க எனக்க அண்ணனுக்க கையிலேருந்து கட்டி ஏதும் எடுத்திருந்தா தாருங்க" என்றேன்.

ஒரு போலீஸ்காரன் பையிலிருந்து எடுத்துத் தூர நீட்டினான், பாம்பை நீட்டுகிற மாதிரி. அண்ணன் ஊற்றின கட்டி. சிரட்டையின் கண்கூடப் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தேய்த்தேன். புதுமயிர், லேசில் பிடிக்காது. வெள்ளைப் பொடி பறந்தபோது அந்தப் போலீஸ்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் போனான்.

மறுபடி இழுத்தேன். துருப்பிடித்த கதவைத் திறந்தது போல ஒரு சத்தம் வந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் கட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "ஒரு பாட்டு வாசி" என்றார்.

எனக்கு என்ன பாட்டு தெரியும்? பெரிய வெள்ளிக்கிழமை வியாகுலப் பாட்டின் முதல் அடி, அதுவும் கேட்ட ஞாபகம். விரலை வைத்த இடமெல்லாம் தப்பு. அடுத்த வீட்டு ரீத்தா இருக்கிறாளே, அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் பாட, மற்றப் பெண்களும் சேர்ந்து உரக்கப் பாட, என் தப்பெல்லாம் அதற்குள் அமுங்கிப்போயிற்று. தலையை நிமிர்த்தினால், கூட்டத்தில் நின்ற இவருடைய இடதுகை விரல்கள் வேட்டியின் மேல் சரியான இடத்தில் சரியாக ஓடிக்கொண்டிருக்கின்றன! தான் செய்வது அவருக்கே தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கமாகத் திரும்பினார். எனக்கு உயிர் போய்விட்டது. ரீத்தா பாட்டை நிறுத்தாமலே இடுப்புக் குடத்தோடு நகர்ந்து இவருக்கு முன்னால் நின்றாள்.

கட்டியையும் வில்லையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "விசாரிக்கட்டு" என்றார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. இப்போதும் ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் இவரைப் பின்வாசல் வழியாகக் கடற்கரைக்கு அனுப்பிவிடுகிறேன்.

இதை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

செசிலி


அருமனை
24 அக்டோபர் 1954

அன்புள்ள தங்கச்சி,

மாதா கிருபை. சொல்வது மத்தியாஸ், எழுதுவது ஞானசிங். பேனா பிடிக்கச் சோம்பல், வேறொன்றும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை என்னை விட்டுவிட்டார்கள். போ என்றார்கள், வந்துவிட்டேன். அங்கே சோறு தந்தார்கள். மற்றதைக் கேட்காதே. மாப்பிள்ளையிடமும் கேட்க வேண்டாம் என்று சொல்லு. நீ ரபேக்கா வாசித்த கதையை ஞானசிங் சொன்னான். சிரித்தால் விலா வலிக்கிறது, ஆனாலும் சிரித்தேன். உன் கார்டால்தான் வந்தது என்று நினைத்து உட்கார்ந்திராதே. கார்டு இல்லாவிட்டாலும் அவர்களுக்கு யாராவது ஒருவர் வேண்டியிருந்தது.

ஒன்று மட்டும். அந்தச் சொல்லை இனிமேல் எழுத வேண்டாம். கவரிலும் வேண்டாம், கார்டிலும் வேண்டாம். சட்டியை உடைத்துப் போட்டாயிற்று. நான் இனிக் காய்ச்சவில்லை. ராத்திரியில் குங்கிலிய வாசனை வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அண்ணன் சொல்லி எழுதியது


கன்னியாகுமரி
16 ஜனவரி 1955

என் அண்ணனுக்கு,

நீங்கள் வெளியே வந்த செய்தி கேட்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினோம். அதற்கப்புறம் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சோம்பல் என்று எழுதச் சொன்னீர்கள். கோட்டாற்றில் இவர் கோலப்பனைப் பார்த்து உங்களைப் பற்றி விசாரித்திருக்கிறார். கோலப்பன் தன் வலதுகையைத் தூக்கிப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் காட்டி, மடங்காது என்று தலையை ஆட்டினாராம். இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாப்பிடவில்லை. பால்வெட்டுக் கத்தியை எப்படிப் பிடிக்கிறீர்கள் அண்ணே? யார் உங்களுக்குச் சோறு வடிக்கிறார்கள்? இங்கே வந்துவிடுங்கள். வள்ளத்தில் ஏற வேண்டாம், கரையில் இருந்தால் போதும்.

வில்லு திரும்பி வந்துவிட்டது. ஒரு போலீஸ்காரன் கொண்டுவந்து உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுப் போனான். யாரோ சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள், மயிர் பழையபடி ஊமை. கட்டி வரவில்லை. பெரிய வெள்ளிக்கிழமைக்கு வாசிப்பதா என்று உபதேசியார் கேட்டார். அன்றைக்குக் கோயில் மணி அடிக்கக்கூடாது, ரபேக்காவும் இல்லாவிட்டால் செத்த வீடுதான். ஆனாலும் இவர் வேண்டாம் என்றுவிட்டார். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டோம். உங்களிடம் எதையும் கேட்கவில்லை. அந்தச் சொல்லை எழுதவும் இல்லை, பார்த்தீர்களா? ரீத்தா இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவள், "குடிக்கிற அது" வேண்டும் என்று கேட்டாளாம். கம்பவுண்டர் முழித்தாராம். இதை எழுதிக்கொண்டே சிரிக்கிறேன், வாசலில் யாரோ நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சிரிக்கிறேன்.

கவரை மூன்று பக்கமும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

தங்கச்சி,
செசிலி


(தபால் கார்டு)

அருமனை
20 மார்ச் 1955

ஏட்டி செசி, சுகமா இருக்கியா? இது எனக்க எழுத்துதான். இடதுகை. எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், சிரிக்காதே. உன் கவரைக் கிழிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு பெண்பிள்ளை ஊருக்கு நடுவில் அந்தக் கட்டியைக் கையில் வாங்கித் தேய்த்திருக்கிறாள், நான் சட்டியைக் கண்டு ஓடுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. புதுச் சட்டி வாங்கினேன். ஞானசிங் கிண்டினான், நான் வாசனை பார்த்து இறக்கச் சொன்னேன். முதல் நாள் முடியாமல் வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் நாள் முடிந்தது. கோலப்பன் கையில் இரண்டு கட்டி கொடுத்திருக்கிறேன். கேட்டால் மருந்து என்றே சொல்லச் சொல்லியிருக்கிறேன். வெயிலுக்குத் தாங்குகிற கெட்டி மருந்து. வில்லுக்கு மருந்து. பெரிய வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வாசிக்கட்டும். நீ வாசிக்காதே, ஊர் தாங்காது. கார்டு ஒட்டினால் மரத்தின் குற்றம். கிடைத்ததும் பதில் போடு. கார்டிலேயே போடு.
மத்தியாஸ்